‘ஆவன செய்யவும்’ போதாது: பசுமை மின்கொள்கைக்குக் கருத்து எழுதும் முறை

சென்ற மாதம் உடுமலைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி தொலைபேசியில் அழைத்தார். “சோலாருக்கு ஏதோ புது விதி வருதாமுங்க. பொதுசனம் கருத்துச் சொல்லலாம்னு போட்டிருக்காங்களாம். நாம எழுதுனா யாருங்க படிக்கப் போறாங்க?”

மாடியில் பேனல் போட்ட ஆசிரியை, காத்தாடிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஆரல்வாய்மொழிக்காரர், பத்துத் தறி வைத்திருக்கும் சோமனூர்க்காரர் என்று பலரிடமிருந்தும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். பதில், கருத்தைக் கேட்டது யார் என்பதைப் பொறுத்தது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கேட்டிருந்தால் படித்தே ஆக வேண்டும். கட்டண மனு வந்தால், பொதுமக்களின் ஆலோசனைகளையும் ஆட்சேபணைகளையும் பரிசீலித்த பிறகே ஆணை பிறப்பிக்க வேண்டும் என்கிறது மின்சாரச் சட்டம் 2003-இன் 64-ஆம் பிரிவு. அதற்கு 120 நாள் கெடுவும் வைக்கிறது. ஒழுங்குமுறை எதுவானாலும் முன்கூட்டியே வெளியிட்ட பிறகுதான் கொண்டுவர முடியும் என்கிறது 181-ஆம் பிரிவு. ஆணையம் வெளிப்படையாக நடக்க வேண்டும் என்கிறது 86(3).

ஆணையத்தின் கட்டண ஆணை ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். யார் என்ன சொன்னார்கள், மின் வாரியம் என்ன பதில் தந்தது, ஆணையம் என்ன முடிவுக்கு வந்தது என்று பக்கம் பக்கமாக இருக்கும். அங்கே ஒன்று கண்ணில் படும். பிரிவு எண்ணைச் சொல்லி, கணக்கைக் காட்டி, மாற்று வாசகமும் தந்த கருத்துக்கு ஒரு பத்தி பதில் இருக்கும். ‘மக்கள் கஷ்டத்தைப் புரிந்து ஆவன செய்யவும்’ என்று முடியும் கடிதம் ‘குறித்துக்கொள்ளப்பட்டது’ என்ற ஒற்றை வரியோடு முடிந்திருக்கும். இரண்டையும் எழுதியவர்களின் கஷ்டம் ஒன்றாகவே இருந்திருக்கலாம். எழுதிய முறைதான் வேறு.

அந்த முறையை யாரும் ஒரு மாலை நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். வக்கீல் வேண்டாம், பொறியாளர் வேண்டாம். வீட்டில் இருக்கும் மின் அட்டையும் ஒரு பேனாவும் போதும்.

கேட்பது யார் என்று முதலில் பாருங்கள்

நம் ஊரில் எல்லாவற்றையும் ‘ஈ.பி.’ என்ற ஒரே பெயரில் அழைத்துப் பழகிவிட்டோம். மூன்று கதவுகள் இருக்கின்றன. தவறான கதவைத் தட்டினால் நல்ல கருத்தும் வீணாகும்.

முதல் கதவு மாநில அரசு. கொள்கையை அறிவிப்பது எரிசக்தித் துறை. அது அரசாணையாக வரும். 2012-இன் சூரிய மின்கொள்கை, 2019-இன் சூரிய மின்கொள்கை, 2024-இல் வந்த பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கும் கொள்கை, நீரேற்று மின் சேமிப்புக் கொள்கை, சிறு புனல்மின் கொள்கை எல்லாம் இந்த வகை. எவ்வளவு இலக்கு, யாருக்குச் சலுகை, எந்த நிலம், எந்தத் துறை பொறுப்பு என்பவை இங்கே முடிவாகும்.

இரண்டாவது கதவு ஒழுங்குமுறை ஆணையம். யூனிட்டுக்கு என்ன விலை, மின்கம்பி வலையைப் பயன்படுத்துவதற்கான வலையமைப்புக் கட்டணம் எவ்வளவு, நெட் மீட்டரா, வேறு முறையா, காற்றாலை மின்சாரத்தை வாரியத்திடம் ‘பேங்கிங்’ செய்து, அதாவது வரவு வைத்துப் பின்னால் எடுத்துக்கொள்ளலாமா என்பவற்றை முடிவு செய்வது இதுதான். அரசு கொள்கை சார்ந்த அறிவுறுத்தல் தரலாம். விலையை எழுதும் பேனா ஆணையத்தின் கையில் இருக்கிறது.

மூன்றாவது கதவு மின் நிறுவனங்கள். 2024-இல் பழைய டான்ஜெட்கோ பிரிக்கப்பட்டு, மின் பகிர்மானத்துக்கு ஒன்று, உற்பத்திக்கு ஒன்று, பசுமை எரிசக்திக்கு ஒன்று என்று ஆனது. விண்ணப்பம், ஆய்வு, மீட்டர் மாற்றுவது, தாமதம் பற்றிய குறைகளெல்லாம் இங்கே சேரும்.

இந்த வேறுபாடு ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2012-இன் கொள்கை 2015-க்குள் 3,000 மெகாவாட் என்று இலக்கு வைத்தது. உயர் அழுத்த நுகர்வோர் உள்ளிட்ட பெரிய பயனீட்டாளர்கள் தங்கள் தேவையில் 6 சதவீதம் வரை சூரிய மின்சாரமாகவே வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. ஆணையமும் அதை நடைமுறைப்படுத்த ஆணையிட்டது. நூற்பாலைகள் வழக்குப் போட்டன. 2014 ஜனவரியில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த ஆணையை ரத்து செய்தது. கொள்கையில் இருப்பதாலேயே ஒன்று நிலைத்துவிடாது. ஆகவே கொள்கை வரைவுக்குக் கருத்து எழுதும்போதே, ‘இதை ஆணையம் எந்த ஒழுங்குமுறையின் மூலம் எப்போது நடைமுறைப்படுத்தும்?’ என்று கேளுங்கள். நல்ல சலுகையாக இருந்தால் இந்தக் கேள்விதான் அதற்குக் காவல்.

வரைவை எங்கிருந்து படிப்பது?

முன்னுரையை விடுங்கள். பருவநிலை மாற்றம், நிலையான வளர்ச்சி பற்றிய பத்திகளில் நமக்கு யாரோடும் சண்டை இல்லை. நேராக நான்கு இடங்களுக்குப் போங்கள்.

வரையறைகள்: ‘நுகர்வோர்’ என்றால் யார்? வாடகைக்கு இருப்பவர் அதில் வருகிறாரா? ‘தற்போதுள்ள அமைப்பு’ என்றால் எந்தத் தேதிக்கு முன் போட்டது?

பொருந்தும் தேதி: ஏற்கெனவே பேனல் போட்டவருக்குப் பழைய விதி எத்தனை ஆண்டு நீடிக்கும்? பேனலின் ஆயுள் சுமார் 25 ஆண்டு. அதற்குள் விதி எத்தனை தடவை மாறும் என்பதற்கு நம் மாநிலமே சாட்சி. முதலில் நெட் மீட்டரிங் இருந்தது. 2019-இல் அதற்குப் பதில் ‘நெட் ஃபீட்-இன்’ வந்தது (இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கீழே கணக்கில் பார்ப்போம்). 2021-இன் ஒழுங்குமுறைகள் வீடுகளுக்கு நெட் மீட்டரிங்கை மறுபடியும் கொண்டுவந்தன. ஒரே பேனல், ஒரே வெயில், மூன்று கணக்கு.

கட்டண இணைப்பு: பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் ஒரு சின்ன அட்டவணையாக இருக்கும். உங்கள் பணம் அங்கேதான் இருக்கிறது.

காலக்கெடு: விண்ணப்பம் கொடுத்தால் எத்தனை நாளில் முடிக்க வேண்டும்? முடிக்காவிட்டால் என்ன ஆகும்? ‘விரைவாக’, ‘கூடிய சீக்கிரம்’ என்று மட்டும் இருந்தால் அங்கே ஒரு கோடு போடுங்கள். ஒன்றிய அரசின் மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024-இல் வந்த திருத்தம், 10 கிலோவாட் வரையிலான கூரைச் சூரிய அமைப்பைத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு இல்லாமலேயே ஏற்க வேண்டும் என்கிறது. மாநில வரைவு அதைவிடக் கடுமையாக இருந்தால், அந்த ஒப்பீட்டையே உங்கள் கருத்தாக எழுதலாம்.

மின் அட்டையிலிருந்து ஒரு கணக்கு

‘நெட் மீட்டர் வேண்டும்’ என்று எழுதுவதற்கும், அது இல்லாவிட்டால் உங்களுக்கு என்ன ஆகும் என்று காட்டுவதற்கும் இடையில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு வீட்டை வைத்துக் கணக்குப் போடுவோம்.

மாடியில் 3 கிலோவாட் பேனல். நம் வெயிலுக்கு 1 கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்று கொள்ளலாம். அப்படியானால் நாளுக்கு 12 யூனிட். 60 நாளில் 720 யூனிட். அந்த வீட்டின் இரண்டு மாதத் தேவை 800 யூனிட். பகலில் 300, இரவில் 500. பகல் தேவையான 300-ஐப் பேனலே கொடுத்துவிடும். மிச்சம் 420 யூனிட் கம்பி வழியே வெளியே போகும். இரவுக்கு 500 யூனிட் வெளியிலிருந்து உள்ளே வரும்.

நெட் மீட்டரிங்கில் வந்த 500-இலிருந்து போன 420-ஐக் கழிப்பார்கள். பில்லில் நிற்பது 80 யூனிட். முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் அதற்கு யூனிட் கட்டணமே வராது. நெட் ஃபீட்-இன்னில் அப்படிக் கழிக்க மாட்டார்கள். 500 யூனிட்டுக்கும் வீட்டுக் கட்டணப் படிகளின்படி பணம்; வெளியே போன 420-க்கு ஆணையம் வைத்த விலை. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி உங்கள் பையிலிருந்து போகும்.

அடுத்தது வலையமைப்புக் கட்டணம். இங்கே ஒரு சொல் ஆளைக் கவிழ்க்கும். ‘உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும்’ என்று எழுதியிருக்கிறதா, ‘வலையமைப்புக்குள் செலுத்தப்படும் ஒவ்வொரு யூனிட்டுக்கும்’ என்று எழுதியிருக்கிறதா? கணக்குக்காக யூனிட்டுக்கு 1 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாசகப்படி 720 ரூபாய். இரண்டாவதன்படி 420 ரூபாய். வித்தியாசம் 300 ரூபாய். ஆண்டுக்கு 6 பில், 1,800 ரூபாய். 25 ஆண்டில் 45,000 ரூபாய். 3 கிலோவாட்டுக்கு ஒன்றிய அரசின் சூர்ய கர் திட்டம் தரும் மானியம் 78,000 ரூபாய். ஒரு சொல் வித்தியாசத்தில் அந்த மானியத்தில் பாதிக்கு மேல் திரும்பிப் போய்விடும்!

வீட்டுக் கூரையில் உண்டாகி, வீட்டு மின்விசிறியிலேயே செலவான யூனிட் தெருக்கம்பியைத் தொடவே இல்லை. அதற்கு வலையமைப்புக் கட்டணம் ஏன் என்று கேட்பது நியாயமான கேள்வி. மின் வாரியத்துக்கும் ஒரு நியாயம் உண்டு: இரவில் உங்களுக்கு மின்சாரம் தரக் கம்பியும் டிரான்ஸ்ஃபார்மரும் எப்போதும் தயாராக இருக்க வேண்டும்; அதன் செலவைப் பேனல் போடாத ஏழை வீடு ஏன் சுமக்க வேண்டும் என்பது அது. இந்த எதிர்வாதத்தையும் தெரிந்துகொண்டு எழுதுங்கள். ‘கட்டணமே கூடாது’ என்பதைவிட, ‘செலுத்தப்படும் யூனிட்டுக்கு மட்டும்’ என்ற கோரிக்கை இரு பக்கத்தையும் பார்க்கிறது. அதனால் அதற்கு வலு அதிகம்.

இப்படிப்பட்ட வாதம் எடுபடுவதைக் கண்டிருக்கிறோம். குறு, சிறு தொழில்காரர்கள் ஊர் ஊராக வலியுறுத்திய பிறகு, 2023-இல் அவர்களது கூரைச் சூரிய மின்சாரத்துக்கான வலையமைப்புக் கட்டணத்தைப் பாதியாகக் குறைப்பதாக மாநில அரசு அறிவித்தது.

கருத்தின் ஐந்து வரிகள்

எந்தக் கருத்தையும் இந்த வரிசையில் எழுதுங்கள்:

1. நான் யார்: பெயர், ஊர், மின் இணைப்பு எண், இணைப்பு வகை.
2. எந்தப் பிரிவு: வரைவின் பக்கம், பத்தி எண்.
3. எனக்கு என்ன ஆகும்: உங்கள் எண்ணோடு, இரண்டே வாக்கியத்தில்.
4. சான்று: கடைசி 6 பில்லின் நகல், பேனல் மீட்டர் அளவு, நிலப்படம், கிராம சபைத் தீர்மானம், எது உண்டோ அது.
5. மாற்று வாசகம்: ‘இந்தச் சொற்களுக்குப் பதில் இந்தச் சொற்கள்’ என்று அப்படியே.

ஒரு மாதிரி:

“நான் வீட்டு மின் இணைப்பு நுகர்வோர். 3 கிலோவாட் சூரிய அமைப்பு வைத்திருக்கிறேன். வரைவின் பத்தி 7.2 ‘உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும்’ வலையமைப்புக் கட்டணம் என்கிறது. கடந்த 6 பில் காலங்களில் என் பேனல் தந்த மின்சாரத்தில் 100-க்கு 42 யூனிட்டை வீட்டிலேயே செலவழித்தேன். அது பொது வலையமைப்பைப் பயன்படுத்தவில்லை. மீட்டர் அளவுகளை இணைத்துள்ளேன். ஆகவே பத்தி 7.2-இல் ‘உற்பத்தியாகும்’ என்பதற்குப் பதிலாக ‘வலையமைப்புக்குள் செலுத்தப்படும்’ என்று மாற்றக் கோருகிறேன்.”

அரைப் பக்கம்தான். இதைக் ‘குறித்துக்கொள்ளப்பட்டது’ என்று தள்ள முடியாது. ஏற்கிறேன் என்றோ, இன்ன காரணத்தால் மறுக்கிறேன் என்றோ சொல்ல வேண்டியிருக்கும். மறுத்தால் அந்தக் காரணம் எழுத்தில் வரும். அடுத்த படிக்கு அதுவே பிடி.

யார் எதைப் பார்க்க வேண்டும்?

வாடகை வீட்டுக்காரரும் அடுக்ககவாசியும்: 2019 கொள்கை 2023-க்குள் 9,000 மெகாவாட் என்றது. அதில் 40 சதவீதம் நுகர்வோர் பக்கத்திலிருந்து வர வேண்டும் என்றது. அந்தப் பங்கு எட்டப்படவில்லை. சொந்தக் கூரை இல்லாதவரை வெளியே நிறுத்திவிட்டு அதை எட்டுவதும் கடினம். ஓரிடத்தில் பேனல் போட்டுப் பல இணைப்புகளின் பில்லில் பங்கிட்டுக் கழிக்கும் முறை வரைவில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆதரித்து எழுதுங்கள், இல்லையென்றால் கேளுங்கள்.

பம்ப்செட் விவசாயி: 2019-இல் தொடங்கிய ஒன்றிய அரசின் குசும் திட்டத்தில் மூன்று வழிகள் உண்டு: நிலத்தில் சிறு சூரிய நிலையம், தனித்த சோலார் பம்ப், இருக்கும் மின்பம்ப்பைச் சூரிய மின்சாரத்துக்கு மாற்றுவது. உடுமலைக்காரரின் உண்மையான அச்சம் வேறு. ‘மீட்டர் வெச்சா நாளைக்குப் பில் போட மாட்டாங்கன்னு என்னங்க நிச்சயம்?’ என்றார். அந்த அச்சத்தை அப்படியே எழுதச் சொன்னேன்; கூடவே ஒரு வாசகமும்: ‘இந்தப் பிரிவின்படி பொருத்தப்படும் மீட்டர் கணக்கெடுப்புக்கு மட்டுமே; விவசாய இணைப்புக்கான இலவச மின்சாரத்தை இது பாதிக்காது.’ அச்சத்தைச் சொன்னால் ஆறுதல் கிடைக்கும். வாசகம் கேட்டால் விதி கிடைக்கலாம்.

சூரியப் பூங்கா வரும் கிராமம்: இதைக் கவனமாகப் படியுங்கள். அனல்மின் நிலையம் வந்தால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடும் மக்கள் கருத்துக்கேட்பும் கட்டாயம். சூரிய ஒளி மின் நிலையத்துக்கும் காற்றாலைக்கும் 2006-இன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை பொருந்தாது. ஆயிரம் ஏக்கரில் பேனல் வந்தாலும் அந்தச் சட்டத்தின் கீழ் ஊரைக் கூட்டிக் கேட்க வேண்டியதில்லை. ஆகவே கொள்கை வரைவாக இருக்கும்போது எழுதுவதுதான் ஊருக்குக் கிடைக்கும் முதல் வாய்ப்பு. பல நேரம் அதுவே கடைசி வாய்ப்பும்.

ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் நிலையம் வந்தது. சுமார் 2,500 ஏக்கர். வானம் பார்த்த பூமிக்கு வருமானம் வருவது நல்லதுதான். ஆனால் அந்தச் சீமையின் உயிர் கண்மாயில் இருக்கிறது. கண்மாயின் உயிர் வரத்துக்காலில் இருக்கிறது. நிலத்தைச் சமன் செய்து வேலி போட்டால், வரைபடத்தில் மெல்லிய கோடாகக்கூட இல்லாத ஒரு வரத்துக்கால் அடைபட்டு, இரண்டு மைல் தள்ளியிருக்கும் கண்மாய் வறளலாம். ஆட்டுக்காரருக்கு மேய்ச்சல் புறம்போக்கு போய்விடும். பட்டா இல்லாததால் அவருக்கு இழப்பீடும் வராது. இந்தப் பகுதி மக்கள் கேட்க வேண்டியவை: வரத்துக்கால், ஓடை, மேய்ச்சல் புறம்போக்கு, வண்டிப் பாதை ஆகியவற்றைக் கிராம சபையின் முன் படம் போட்டுக் காட்டிய பிறகே அனுமதி, பேனல் கழுவும் தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற கணக்கு, குத்தகை முடிந்ததும் நிலத்தைப் பழையபடி ஒப்படைக்கும் பொறுப்பும் அதற்கான வைப்புத் தொகையும், பழுதான பேனலை யார் எடுத்துப் போவது என்ற நிபந்தனை. கிராம சபை கூடும் நாள்களான ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்றவற்றில் தீர்மானம் போட்டு இணைத்தால், ஒரு ஆள் எழுதிய கருத்து ஊர் எழுதிய கருத்தாகும்.

காற்றாலைப் பகுதி: பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் ஆகிய கணவாய்கள் வழியாக வரும் காற்றுதான் நம் காற்றாலைகளைச் சுற்றுகிறது. முப்பந்தலில் 1990-களில் நட்ட 225, 250 கிலோவாட் காத்தாடிகளை எடுத்துவிட்டு, 2 மெகாவாட்டும் அதற்கு மேலும் தரும் ராட்சத இயந்திரங்களை நடுவதற்காகவே 2024-இன் புதுப்பிப்புக் கொள்கை வந்தது. நல்ல காற்று வீசும் இடத்தில் கிழட்டு இயந்திரம் நிற்பது நாட்டுக்கு நஷ்டம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பெரிய இறக்கைக்குப் பெரிய இடைவெளி வேண்டும். வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், இறக்கை ஏற்றிவரும் வண்டிக்கு அகலப்படுத்தும் பாதை யார் நிலத்தில், பழைய அடித்தளக் கான்கிரீட்டை யார் பெயர்ப்பது என்று அங்கே குடியிருப்பவர்கள் கேட்க வேண்டும்.

காற்றாலை வைத்திருக்கும் சிறு ஆலைக்காரருக்கு ‘பேங்கிங்’தான் மையம். காற்று மே முதல் செப்டம்பர் வரை வீசும். தறி ஆண்டு முழுக்க ஓடும். அந்த இடைவெளியை நிரப்புவது பேங்கிங். அதைக் குறைக்கும் வரைவு வந்தால், மாதவாரியாக உங்கள் உற்பத்தியையும் செலவையும் இரண்டு நிரலாகப் போட்டு இணையுங்கள். பக்கம் பக்கமாக எழுதுவதைவிட அந்த அட்டவணை அதிகம் பேசும்.

கூட்டத்துக்குப் போகிறீர்களா?

2022-இல் மின்கட்டண மனு மீதான கருத்துக்கேட்புக் கூட்டங்கள் கோவை, மதுரை, சென்னை ஆகிய மூன்று ஊர்களில் நடந்தன. நாகர்கோவில்காரருக்கு மதுரை, நாகப்பட்டினத்துக்காரருக்கு எதுவும் அருகில் இல்லை. ஆகவே எழுத்துக் கருத்தை முதலிலேயே அனுப்பிவிடுங்கள். பேச வாய்ப்புக் கிடைத்தால் அது கூடுதல். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தபாலில் என்றால் ஸ்பீட் போஸ்ட் ரசீது. மின்னஞ்சல் என்றால் அனுப்பியதன் அச்சு நகல்.

மேடை ஏறினால் உங்களுக்கு 3 நிமிடம்தான் கிடைக்கும் என்று எண்ணித் தயாராகுங்கள். அரசைப் புகழ்வதிலும் திட்டுவதிலும் முதல் நிமிடம் போய்விடக் கூடாது. முதல் வாக்கியமே, ‘பத்தி 7.2 பற்றிப் பேசுகிறேன்’ என்று இருக்கட்டும். தமிழில் பேசுங்கள், தயங்க வேண்டாம். வரைவு ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால், தமிழ்ச் சுருக்கமும் அதை வெளியிட்ட நாளிலிருந்து கூடுதல் கால அவகாசமும் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். இந்த மாநிலத்தின் ஆட்சிமொழிச் சட்டம் 1956-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. மக்களின் கருத்தைக் கேட்பவர்கள் மக்களின் மொழியில் கேட்க வேண்டும் என்பது சலுகை கோருவது ஆகாது.

தவிர்க்க வேண்டியவை

ஒரே கடிதத்தை ஐந்நூறு பேர் கையெழுத்திட்டு அனுப்புவதால் ஐந்நூறு கருத்து ஆகாது. பெரும்பாலும் ஒரே பதிலில் முடித்துவிடுவார்கள். அதே ஐந்நூறு பேரில் பத்துப் பேர் தங்கள் சொந்த பில்லோடு எழுதினால், பத்துச் சான்றுகள் நிற்கும்.

முப்பது கோரிக்கை வைக்காதீர்கள். மூன்று போதும். முக்கியமானது முதலில்.

வாட்ஸ்அப்பில் வந்த எண்ணை எழுதாதீர்கள். ஒரு எண் தவறு என்று காட்டிவிட்டால் மற்ற வாதங்களும் சேர்ந்து விழும். உங்கள் அட்டையில் இருக்கும் எண்ணை யாரும் மறுக்க முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: பிடித்த பிரிவை ஆதரித்தும் எழுதுங்கள். நல்ல விதிகள் பல, எதிர்த்தவர்கள் எழுதியதாலும் ஆதரித்தவர்கள் வீட்டில் இருந்ததாலும் இறுதி வடிவத்தில் காணாமல் போகின்றன. பெரிய நிறுவனங்களுக்கு எழுதிக் கொடுக்க ஆலோசகர்களும் வக்கீல்களும் இருக்கிறார்கள். அவர்கள் எழுதுவது தவறில்லை. அது அவர்கள் உரிமை. மேசையில் அவர்களுடைய காகிதம் மட்டும் இருந்தால், முடிவெடுப்பவர் அதை மட்டும்தான் படிக்க முடியும்.

அனுப்பிய பிறகு

இறுதி ஆணை வந்ததும் உங்கள் கருத்துக்குப் பதில் இருக்கிறதா என்று தேடுங்கள். ஆணையத்தின் ஆணையில் உங்கள் வாதம் விடுபட்டிருந்தால், அதே ஆணையத்திடம் மறுஆய்வு கேட்க வழி உண்டு. பாதிக்கப்பட்டவர் 111-ஆம் பிரிவின்படி 45 நாளுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். அதற்கு நுகர்வோர் அமைப்பு ஒன்றின் துணையைத் தேடுங்கள்.

அரசின் கொள்கை என்றால் ஆணையத்தைப் போலப் பதில் எழுதும் கட்டாயம் இல்லை. அங்கே தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 உதவும். அதன் 4(1)(ஈ) பிரிவு, முடிவுகளால் பாதிக்கப்படுவோருக்கு அதன் காரணங்களைச் சொல்ல வேண்டும் என்கிறது. 10 ரூபாய் கட்டணத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை கருத்துகள் வந்தன? என் கருத்தின் மீது கோப்பில் எழுதப்பட்ட குறிப்பு என்ன? ஏற்கப்பட்ட, ஏற்கப்படாத கருத்துகளின் பட்டியல் உண்டா? 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். ‘பட்டியல் இல்லை’ என்று வந்தால் அதுவும் ஒரு பதில்தான். அடுத்த வரைவு வரும்போது உங்கள் கடிதத்தின் முதல் இணைப்பாக அதை வையுங்கள்.

சூரிய மின்சாரமும் காற்று மின்சாரமும் நம் பிள்ளைகளுக்கு வேண்டியவை. அவை வர வேண்டும், வேகமாக வர வேண்டும் என்று முழு மனதோடு விரும்புகிறேன். அதனாலேயே சொல்கிறேன்: கண்மாயை அடைத்து வந்தால் ஊர் அதை வெறுக்கும், பில்லில் ஏமாற்றி வந்தால் வீடு அதை வெறுக்கும். மக்கள் கை வைத்துத் திருத்திய கொள்கைதான் மக்களிடம் நிலைக்கும்.

உடுமலைக்காரர் அரைப் பக்கம் எழுதி, முத்திரை வாங்கிய நகலை எனக்கும் அனுப்பியிருக்கிறார். நீங்களும் இன்று இரவு மின் அட்டையை எடுத்துக் கடைசி ஆறு பில்லின் யூனிட்டை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அடுத்த வரைவு வெளியாகும் நாளில் அந்தத் தாள் உங்களிடம் தயாராக இருக்கட்டும்.